புகைக்குழாய்க்குப் போர்வை

கொங்கு நாட்டில், திருப்பூருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது பெருமாநல்லூர். சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை ஒருபுறமும், திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலை மற்றொரு புறமுமாக வந்து கூடும் இவ்வூரின் வழியே வைகறை தொட்டு இரவு வரை மோட்டார் சைக்கிள்கள் சென்றவண்ணமாகவே இருக்கும். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லும் ஆடவரும் பெண்டிரும், நூல்மூட்டைகளையும் துணிச்சுருள்களையும் ஏற்றிச் செல்வோரும், கல்லூரிக்கு விரையும் மாணவரும் அவற்றில் அமர்ந்து செல்வர். அவ்வண்டிகளுள் சிலவற்றை உற்று நோக்கின், எஞ்சினிலிருந்து புறப்படும் புகைக்குழாயின்மேல் ஒருவகை நாடா, அடிபட்ட காலுக்குக் கட்டிய கட்டுப்போலச் சுற்றப்பட்டிருக்கக் காணலாம். வேறு சிலவற்றின் குழாயில் கருநிறமாகவோ வெள்ளி நிறமாகவோ ஒரு பூச்சுப் பூசப்பட்டிருக்கும்.

இவை எதற்காக என்று உரியவரை வினவினால் விடைகள் பலவாறாக வரும். அழகுக்காக என்பார் ஒருவர். வண்டியின் வேகம் கூடும் என்பார் மற்றொருவர். பின்னால் அமர்வோரின் கால் சுடாதிருக்க என்பார் வேறொருவர். குழாய் துருப்பிடியாதிருக்க என்பாரும் உளர். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. அதனை அவர்களுக்கே விட்டுவிடுவோம். எஞ்சிய மூன்று விடைகளுள் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பௌதிக சாஸ்திரத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கெண்டைக்காலில் சைலென்ஸர் சுட்ட வடுவுடையோர் நம் ஊர்களில் ஒருவர் இருவர் அல்லர். ஆதலின் இவ்வாராய்ச்சி வீண்போகாது.

உஷ்ணம் பிறக்கும் இடம்

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் மின்பொறியினால் பற்றி எரிகிறது. அவ்வெரிவினால் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி சிலிண்டரைச் சூழ்ந்துள்ள தகடுகளின் வழியே காற்றிற் கலக்கிறது. மற்றொரு பெரும்பகுதி எரிந்த வாயுக்களோடு புகைக்குழாயின் வழியே வெளியேறுகிறது. எஞ்சின் பளுவோடு உழைக்கும்போது, வாயில் திறந்து வெளிப்படும் அவ்வாயுக்களின் வெப்பநிலை 600 முதல் 800 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கும். ஈயம் உருகுவதற்கு 327 டிகிரியே போதும் என்பதை நினைவிற் கொண்டால், அக்குழாய் எத்துணைக் கடுமையான பணியை ஆற்றுகிறது என்பது விளங்கும்.

வெளிப்படுவது அனல் மட்டும் அன்று. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவி வடிவில் குழாயின் வழியே செல்லும். மார்கழி மாதத்து விடியலில் வண்டியைக் கிளப்பியவுடன் சைலென்ஸரின் முனையில் வெண்புகை எழுவதும், துளி துளியாக நீர் சொட்டுவதும் இதனாலேயாம். இந்நீரை நாம் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

உஷ்ணம் செல்லும் வழிகள்

சூடான பொருள் தன் சூட்டை மூன்று வழிகளில் இழக்கும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஒரு பொருளை மற்றொரு பொருள் தொடுமிடத்தில் கடத்தலால் செல்வது ஒன்று; அதனைச் சூழ்ந்த காற்று சூடேறி நகர்ந்து எடுத்துச் செல்வது மற்றொன்று; இடையில் எப்பொருளும் இன்றிக் கதிர்களாக வீசப்படுவது மூன்றாவது. வெயிலின் சூடு நம்மை வந்தடைவது மூன்றாம் வழியில்.

இம்மூன்றாம் வழிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஸ்டீபன் என்ற அறிஞர் 1879-ஆம் ஆண்டில் கண்டறிந்து, போல்ட்ஸ்மன் 1884-ஆம் ஆண்டில் காரணம் காட்டிய விதி ஒன்றுளது. ஒரு பொருளின் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையை நான்கு முறை பெருக்கிய அளவில் வளரும் என்பதே அது. 27 டிகிரியில் உள்ள இரும்பு வீசும் கதிரைப்போல் 16 மடங்கு, அதே இரும்பு 327 டிகிரியை அடைந்தபோது வீசும். தனி வெப்பநிலை இரு மடங்காக, வீச்சு பதினாறு மடங்காகிறது. கொதிக்கும் குழாயின் அருகே காலைக் கொண்டுசென்றதும், தொடாமலே சூடு உறைப்பதற்கு இதுவே காரணம்.

சாயப்பட்டறையின் குழாய்

புகைக்குழாய்க்குப் போர்வை சுற்றும் எண்ணம் மோட்டார் சைக்கிளோடு பிறந்தது அன்று. நீராவி எஞ்சினின் காலத்திலிருந்தே வருவது. ஜேம்ஸ் வாட் தம் எஞ்சினுக்காக 1769-ஆம் ஆண்டில் பெற்ற உரிமைப் பத்திரத்திலேயே, நீராவி புகும் சிலிண்டரை மரத்தாலோ, வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் வேறு பொருளாலோ மூடி, நீராவியைப்போலவே சூடாக வைத்திருத்தல் வேண்டும் என்று கூறியுள்ளார்.

அம்முறையின் சிறந்த உதாரணத்தைக் காண நம்மவர் சீமைக்குச் செல்ல வேண்டுவதில்லை. திருப்பூரைச் சூழ்ந்த சாயப்பட்டறை ஒன்றில் நுழைந்தால் போதும். பாய்லரில் உண்டாகும் நீராவி நீண்ட குழாய்களின் வழியே சாயமேற்றும் இயந்திரங்களுக்குச் செல்லும். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் அழுத்தமுள்ள நீராவி ஏறக்குறைய 170 டிகிரி சூடுடையது. அக்குழாயை வெறுமனே விட்டால், விறகு எரித்துப் பெற்ற வெப்பம் வழியிலேயே காற்றிற் கலந்து வீணாகும். பட்டறைக்குள் பணிபுரிவோரும் புழுக்கத்தால் வருந்துவர். ஆகவே பாறைப் பஞ்சு அல்லது கண்ணாடிப் பஞ்சைக் கனமாகச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துகின்றனர். நன்கு போர்த்தப்பட்ட குழாய், வெற்றுக் குழாய் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை மீத்துத் தரும்.

பஞ்சு இதனை எவ்வாறு செய்கிறது? உண்மையிற் காப்பது பஞ்சு அன்று, அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே. அசையாத காற்று வெப்பத்தை மிகமிக மெதுவாகக் கடத்தும். இரும்பு அதனைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு விரைவாகக் கடத்தவல்லது. கம்பளியும் பஞ்சு மெத்தையும் நம்மைக் குளிரினின்று காப்பதும் இவ்வாறே.

சாயப்பட்டறைக் குழாயைப் பற்றி இரண்டு செய்திகளை மனத்தில் இருத்துதல் வேண்டும். முதலாவது, அக்குழாயின் மறுமுனையில் அவ்வெப்பத்துக்கு வேலை இருக்கிறது. அங்கே துணி காத்துக்கிடக்கிறது. இரண்டாவது, உள்ளே செல்லும் நீராவியின் சூட்டை அக்குழாய் இரும்பு எளிதில் தாங்கும். மோட்டார் சைக்கிளின் குழாயில் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. அங்கே மறுமுனையில் வெப்பத்தை எதிர்பார்த்து நிற்பது எதுவும் இல்லை. உள்ளே செல்லும் வாயுவின் சூட்டையோ, இரும்பு நெடுநாள் தாங்கவல்லதன்று.

போர்வையின் உள்ளே நிகழ்வது

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். ஏரிக்கும் வயலுக்கும் இடையே ஒரு தொட்டி இருப்பதாகக் கொள்க. ஏரியிலிருந்து ஒரு மதகின் வழியே தொட்டிக்குள் நீர் வருகிறது. மற்றொரு மதகின் வழியே வயலுக்குப் போகிறது. தொட்டியின் நீர்மட்டம் ஏரியின் மட்டத்துக்கும் வயலின் மட்டத்துக்கும் இடையே ஓரிடத்தில் நிற்கும். வயலுக்குச் செல்லும் மதகை முக்காற்பங்கு அடைத்துவிட்டால் என்ன ஆகும்? வயலுக்குப் போகும் நீர் குறையும். தொட்டியின் மட்டமோ ஏரியின் மட்டத்தை நோக்கி உயரும்.

இங்கே ஏரி என்பது எரிந்த வாயு. வயல் என்பது புறக்காற்று. இடையிலுள்ள தொட்டியே குழாயின் இரும்பு. போர்வை சுற்றுவது வெளி மதகை அடைப்பதாகும். போர்வையின் வெளிப்புறத்தில் சூடு குறைவது உண்மை. ஆனால் அதே காரணத்தால் உள்ளிருக்கும் இரும்பின் சூடு வாயுவின் சூட்டை நோக்கி ஏறுகிறது. சாதாரண இரும்பு 550 டிகிரியைக் கடந்தால் காற்றோடு கூடி விரைவாகச் செதிலெடுக்கும். நாளடைவில் அது மெலிந்து, பற்றுவைத்த இடங்களில் வெடிப்புக் காணும். காற்றுப்பட்டு ஆறியிருக்க வேண்டிய இரும்பைக் கம்பளிக்குள் வைத்து வேக வைக்கின்றோம் என்று சொன்னால் மிகையாகாது.

வேகம் கூடும் என்பாரின் கூற்றுக்கு வருவோம். வாயுவைச் சூடாகவே வைத்திருந்தால் அது விரைந்து வெளியேறும், அதனால் எஞ்சினுக்கு மூச்சு எளிதாகும் என்பது அவர்தம் வாதம். இதில் ஓரளவு நியாயம் இல்லாமல் இல்லை. மூடியிட்ட அறைக்குள் எஞ்சின் அமைந்த பந்தயக் கார்களில் புகைக்குழாய்க்குப் போர்வை சுற்றுவதால், எஞ்சின் உட்கொள்ளும் காற்று சூடேறாது காக்கப்படுகிறது; குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாதலின் ஆற்றல் சிறிது கூடுகிறது. வெளியேறும் வாயுவாற் சுழலும் டர்போ என்னும் காற்றாடி உள்ள எஞ்சின்களிலும், வாயுவின் வெப்பம் வீணாகாதிருப்பது நன்மை தரும். அங்கெல்லாம் அவ்வெப்பத்துக்கு வேலை உண்டு. மோட்டார் சைக்கிளின் எஞ்சினோ திறந்த வெளியில், எதிர்க்காற்றில் நிற்பது. பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் வரை சென்று திரும்பும் ஒரு சிறு வண்டியில் ஓட்டுநர் உணரத்தக்க வேகம் எதுவும் இப்போர்வையால் வந்துவிடாது.

மழையும் துருவும்

அடுக்களையில் பணிபுரிவோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. கொதிக்கும் பாத்திரத்தை இறக்க உலர்ந்த துணியைப் பிடித்தால் கை சுடாது. அதே துணி நனைந்திருந்தால் நொடியிற் சுட்டுவிடும். உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே இருப்பது காற்று. நனைந்த துணியில் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வது நீர். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

புகைக்குழாயின் நாடாவுக்கும் இது பொருந்தும். ஐப்பசி மழையில் நனைந்த நாடா, நீர் வற்றும்வரை தன் காப்பை இழக்கிறது. அதனினும் பெரிய கேடு பிறகு நேர்கிறது. வண்டி நின்றபின் அந்த ஈரம் இரும்போடு ஒட்டியே கிடக்கும். சாலைச் சேறும் உப்பும் அதனுடன் சேரும். வெற்றுக் குழாயாயின் சில நிமிஷங்களில் உலர்ந்துவிடும். போர்த்திய குழாய் இரவு முழுவதும் ஈரத்துணியிற் பொதிந்தாற்போலக் கிடக்கும். மேலே கூறிய பெட்ரோலின் நீரோ உட்புறத்தில் வேலை செய்கிறது. குறுகிய தூரமே ஓடி நின்றுவிடும் வண்டியில் சைலென்ஸரின் உட்பகுதி போதிய சூடு பெறாமையால், நீர் ஆவியாகாமல் அங்கேயே தங்கித் துருவை வளர்க்கும். இவ்வாறு உள்ளும் புறமும் துருவினால் அரிப்புண்ட குழாயின் நிலை, நாடாவை அவிழ்க்கும் நாள்வரை கண்ணுக்குத் தெரியாது. துருப்பிடியாதிருக்க நாடா சுற்றுகிறேன் என்பாரின் விடை, ஆகவே, நேர் எதிரான பயனையே தருவதாகும். குழாய் துருவேறா எஃகினாலாயதாயின் இக்கேடு பெரிதும் குறையும்.

நாடாவின் வகைகள்

முற்காலத்தில் இவ்வேலைக்கு அஸ்பெஸ்டாஸ் கயிற்றையும் நாடாவையும் பயன்படுத்தினர். அது நெருப்பில் வேகாத கனிப்பொருள். ஆயின் அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு கலந்து நுரையீரலிற் பதிந்து, பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயாக வெளிப்படும் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. இங்கிலாந்து 1999-ஆம் ஆண்டில் அதன் உபயோகத்தை அறவே விலக்கியது. பழைய இரும்புக்கடையிலோ பழைய பாய்லரிலோ கிடைத்த வெண்ணிறக் கயிற்றை எடுத்து வண்டியிற் சுற்றுவது, அறியாமையால் தேடிக்கொள்ளும் பெருந்தீங்காகும்.

இந்நாளில் விற்கப்படும் நாடாக்கள் பெரும்பாலும் கண்ணாடி இழையால் நெய்யப்பட்டவை. இவை சுமார் 550 டிகிரி வரை நெடுநேரம் தாங்கும். டைட்டானியம் என்ற பெயரோடு விற்கப்படுபவற்றுட் பல, அவ்வுலோகத்தால் ஆனவை அல்ல. எரிமலைப் பாறையை உருக்கி இழையாக இழுத்து நெய்தவை. அவை கண்ணாடி இழையைவிடச் சற்று மிகுதியான சூட்டைத் தாங்கும். நூலும் நெசவும் அறிந்த நம் வட்டாரத்தார்க்கு இவ்விழைகளின் இயல்பு எளிதில் விளங்கும். பருத்தி வளைந்து கொடுக்கும். கண்ணாடி ஒடிந்து தூளாகும். ஆதலின் நாடாவைக் கையாளுங்கால் கையுறையும் மூக்குக்கு மறைப்பும் வேண்டும். இல்லையேல் தோலில் தைத்து நாள் முழுதும் அரிக்கும். முதன்முறை சூடேறும்போது நாடாவிலிருந்து புகை எழுவது, நெசவிற் பூசிய பசை எரிவதனால். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை, ஆயினும் அப்புகையைச் சுவாசித்தல் தகாது.

பூச்சுக்களின் இயல்பு

1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கிய நாள் முதலாக, பளபளக்கும் குரோமிய முலாம் நம் நாட்டில் புகைக்குழாயின் அணியாக விளங்கி வருகிறது. முலாம் துருவைத் தடுக்கும். அத்துடன் கதிர்வீச்சையும் குறைக்கும். துருவேறிய கருநிற இரும்பு வீசும் கதிரில் சிறு பங்கையே பளிங்குபோன்ற குரோமியம் வீசும். இதில் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. கருங்குழாயின் அருகே கால் சென்றால் அனல் வீசி எச்சரிக்கும். பளபளப்பான குழாய் அவ்வாறு எச்சரிப்பதில்லை. தொட்டபின்னரே அதன் சூடு தெரியவரும்.

புதிய குழாய் சில நாளில் பொன்னிறமும் ஊதாவும் நீலமும் பாய்ந்து தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் துவைச்சல் ஏற்றும் கருமான், இரும்பு வைக்கோல் நிறம் பெறுவதையும் பின்னர் நீலமாவதையும் கண்டே அதன் பதத்தை அறிவார். சாதாரண எஃகில் சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியளவில் நீலமும் தோன்றும். மேற்பரப்பில் படரும் மெல்லிய ஆக்ஸைடு ஏட்டின் கனத்துக்கேற்ப ஒளி பிரிந்து காட்டும் வர்ணங்கள் அவை. உலோகத்துக்குத் தக்கபடி அளவு மாறினும், குழாய் தன் சூட்டைத் தானே எழுதிக்காட்டும் ஏடு அது என்று கொள்ளலாம்.

இனி, செராமிக் என்று வழங்கும் பூச்சைப் பற்றிச் சிறிது கூறுவோம். விமான டர்பைன்களில் சிர்க்கோனியா என்னும் வெண்மட்பொருளை அனற்பிழம்பில் உருக்கித் தெளித்து, உலோகத்தைக் காக்கின்றனர். அப்பெயரின் புகழைக்கொண்டு விற்கப்படும் சாதாரணப் பூச்சுக்கள் யாவும் அதே பயனைத் தரும் என்று கருதுதல் கூடாது. காப்பின் அளவு பொருளின் தன்மையை மட்டும் பொறுத்ததன்று; கனத்தையும் பொறுத்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பூச்சு, மூன்று மில்லிமீட்டர் கனமாகச் சுற்றிய நாடா தரும் காப்பில் நூற்றில் ஒரு பங்கும் தராது என்பது எளிய கணக்கினாலேயே புலனாகும். எனினும் அத்தகைய பூச்சு துருவை நன்கு தடுக்கும்; நீரை உறிஞ்சாது; குழாயை வேக வைக்காது. துருவுக்காகச் செலவிட விரும்புவோர் நாடாவை விடுத்துப் பூச்சை நாடுவதே முறை. ஆனால் பூசிய குழாயில் கால் பட்டாற் சுடாது என்று நம்பிவிடுதல் மட்டும் ஆகாது.

காலும் துணியும்

எஞ்சியது ஒரு விடை. அதுவே நால்வகை விடைகளுள் நல்லது. மொரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து, தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் வேகும் என்பது தெரியவந்தது. 44 டிகிரியில் ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் ஐந்து விநாடி போதும். 70 டிகிரியில் ஒரு விநாடியே மிகுதி. ஓடி நின்ற வண்டியின் சைலென்ஸர் இவ்வளவைப் பன்மடங்கு கடந்திருக்கும். சுட்டதை உணர்ந்து காலை இழுப்பதற்குள் தீங்கு நேர்ந்துவிடுகிறது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியின் புகை இடப்பக்கமாக வெளியேறலாகாது என்று விதித்துள்ளன. ஆதலின் நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் சைலென்ஸர் வலப்புறத்தே இருக்கும். இடப்புறம் கால்களைத் தொங்கவிட்டு அமரும் பெண்டிருக்கு அது தொலைவில் அமைகிறது. ஆனால் இருபுறமும் காலிட்டு அமர்வோர், வலப்புறமாக இறங்குவோர், நின்ற வண்டியருகே விளையாடும் குழந்தைகள் ஆகியோருக்கு அதுவே அபாயம். 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த காலந்தொட்டு, மொபெட்டே இவ்வட்டாரத்தின் சிறு சுமைவண்டியாகவும் விளங்குகிறது. அதிற் கட்டிய துணிச்சுருளின் ஓரம் சைலென்ஸரிற் பட்டால், பருத்தி கருகும். பாலியெஸ்டராயின் 260 டிகிரியளவில் உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்சட்டையில் உருகிய அவ்விழை தோலிலும் ஒட்டினால் புண் ஆழமாகும்.

நாடா இவ்விடத்தில் உதவுமா? உதவும். அதன் வெளிப்புறச் சூடு குறைவு. அத்துடன் மற்றொரு காரணமும் உண்டு. பெருமாநல்லூர் கொண்டத்துக்காளியம்மன் கோவிலில் பங்குனியில் நிகழும் குண்டம் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் தணல்மீது நடந்து செல்வர். பக்தியைப் பற்றிய செய்தி வேறு. அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை. பௌதிக நூலார் கூறுவது இவ்வளவே: கரித்தணல் சூடு மிக்கதாயினும், வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், ஒரு நொடி பட்டு நீங்கும் பாதத்துக்கு அது கொடுக்கக்கூடிய வெப்பம் குறைவு. அதே சூடுள்ள இரும்புத் தகட்டின்மேல் ஒருவரும் கால்வைக்க இயலாது. இழைநாடா தணலின் இனம்; வெற்றுக்குழாய் இரும்பின் இனம். எனினும் நாடா சுற்றுவது பெரும்பாலும் எஞ்சினை ஒட்டிய வளைகுழாயில். காலைச் சுடுவதோ பின்னே நீண்டிருக்கும் சைலென்ஸர். முன்னதைப் போர்த்தினால், அங்கே வெளியேறாத சூடு வாயுவோடு பின்னே சென்று சைலென்ஸரைச் சற்று மிகுதியாகவே காய்ச்சும். காலைக் காக்கச் சுற்றிய நாடா, காலைச் சுடும் இடத்துக்குச் சூட்டை அனுப்பிவைக்கிறது.

இதற்கு ஏற்ற மருந்து வண்டியோடேயே வருகிறது. சைலென்ஸரின்மேல் திருகாணியால் பொருத்தப்பட்ட தகடே அது. குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் அளவேனும் வெளியிருக்கும். குழாயின் கதிரைத் தகடு தடுக்கிறது, இடைவெளியிற் காற்று ஓடித் தகட்டை ஆற்றுகிறது, குழாயின் வெளிப்புறமும் அடைபடாமையால் இரும்பு வேகுவதில்லை, மழைநீரும் தங்குவதில்லை. போர்வை செய்ய முயன்றதை அதன் கேடின்றிச் செய்வது இத்தகடு. அத்தகையதனை, அழகுக்குக் குறை என்று கழற்றி எறிந்துவிட்டுப் பின்னர் விலை கொடுத்து நாடா வாங்குவோரும் நம்மிடையே உளர். தகட்டில் திருகாணி ஒன்று கழன்றிருந்தால் அன்றே பூட்டிக்கொள்ளுதல் நலம்.

சுட்டுவிட்டால் செய்ய வேண்டுவதையும் இங்கே சொல்லிவிடுதல் கடமை. குழாயடியில் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் அவ்விடத்தைக் காட்டி வைத்தல் வேண்டும். பற்பசை, மை, எண்ணெய் முதலியவற்றைத் தடவுதலும், பனிக்கட்டி வைத்தலும், கொப்புளத்தை உடைத்தலும் தகாதன. தூய துணியால் மூடி வைத்தியரை அணுகுக. தோலுள் இறங்கிய சூடும் உடனே மறைந்துவிடுவதன்று. ஓடும் நீரே அதனை எடுத்துச் செல்லும்.

புதிய வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் விற்கப்படும் வண்டிகள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதிக்கு உட்பட்டவை. அவற்றின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிக் கூடும், ஆக்ஸிஜன் அளவை உணரும் கருவியும் பொருத்தப்படுகின்றன. அவ்வூக்கி 250 அல்லது 300 டிகிரியைத் தொட்டபின்னரே வேலை தொடங்கும். ஆனால் அளவு மிஞ்சிய சூட்டில் அதன் நுண்பரப்பு உருகி வலுவிழக்கும். அமைத்தோர் கணக்கிட்டு வைத்த நிலையை நாடாவால் மாற்றுவது, வண்டியை மட்டுமன்றி நாம் சுவாசிக்கும் காற்றையும் கெடுக்கக்கூடும். ஆகவே இவ்வுறுப்புக்களின்மேல் எதனையும் சுற்றாதிருத்தலே அறிவுடைமை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? நாடா வேகத்தைத் தருவதில்லை. சாதாரண இரும்பைத் துருவினின்று காப்பதில்லை. தொடும் இடத்திற் சிறிது காத்து, மற்றோர் இடத்திற் சுடுகிறது. பூச்சு துருவைத் தடுக்கிறது, சூட்டைத் தடுப்பதில்லை. தகடு காலைக் காக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதே பிழை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான உண்மை ஒன்றே. உஷ்ணத்தை அழிக்கவல்ல போர்வை உலகில் இல்லை. ஒரு வழியை அடைத்தால் அது மற்றொரு வழியைத் தேடும். சாயப்பட்டறைக் குழாயைப் போர்த்திய தொழிலாளி, தாம் அடைத்த வெப்பம் எங்கே செல்லும் என்பதை அறிந்தே போர்த்தினார். அது துணியைச் சென்றடைந்தது. கடையிற் கண்ட நாடாவை வாங்கிச் சுற்றும் இளைஞர் அக்கேள்வியைக் கேட்பதில்லை. "நான் தடுக்கும் இச்சூடு இனி எவர்மேல் சென்று விழும்?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, விடை கிடைத்தபின் பையில் கையிடுவோராக நம் மாணவர் விளங்குவாராக. கல்லூரியிற் கற்ற பௌதிகம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடாமல், பின்னிருக்கையில் அமரும் தங்கையின் காலைக் காக்குமாயின், அதனைக் கற்றதன் பயன் பெற்றோமாவோம்.